அத்தை பெயர்த்து வைத்த ஊர்

புதிய ஊருக்கென்று ஒதுக்கிய வெறும் பொட்டலில் அத்தை என் கையைப் பிடித்து நிறுத்திய அந்தப் பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. சுற்றிலும் ஒரு செடிகூட இல்லை. இயந்திரம் தேய்த்துச் சமப்படுத்திய செம்மண், அதன்மேல் சுண்ணாம்புத் தூள் தூவி இழுத்த வெள்ளைக் கோடுகள், மூலைக்கு மூலை அடித்த முளைக்குச்சிகள், அவ்வளவுதான். ஒரு செங்கல்கூட இன்னும் வந்து இறங்கவில்லை. அத்தை ஒரு கோட்டைத் தாண்டி உள்ளே போய்த் திரும்பி நின்று, "வா புள்ள, இதான் உங்க வூட்டு அடுப்பங்கரை" என்றார். நானும் தாண்டினேன். தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பழைய வீட்டில் சமையலறை நிலைப்படி தாழ்வானது. சிறு வயதில் பலமுறை இடித்துக்கொண்டதால் எனக்குக் குனிந்தே பழக்கம். இங்கே நிலையும் இல்லை, சுவரும் இல்லை, மேலே வானம்தான். ஆனாலும் கழுத்து தானாகக் குனிந்தது. அத்தை சிரிக்கவில்லை. "எனக்கும் அங்க அப்படித்தான் ஆச்சு" என்று மட்டும் சொன்னார். 

'அங்க' என்று அவர் சொன்னது தென்னமெரிக்காவில், அர்ஜென்டினா நாட்டில், பரானா என்ற பெரிய ஆற்றின் ஓரம் இருக்கிற சாந்தா ஃபே என்ற நகரத்தை. பரிசுத்த விசுவாசம் என்று அந்தப் பெயருக்குப் பொருள். அத்தை என் அப்பாவின் அக்கா. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கன்னியர் மடத்தில் சேர்ந்து, செவிலியர் பயிற்சி முடித்து, சபை அனுப்பிய இடமென்று அந்த ஊருக்குப் போனவர். வாழ்வின் பெரும்பகுதியை அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டியும் ஊட்டியும் கழித்தார். முழங்கால் இரண்டும் ஓய்ந்த பிறகு, சபையின் அனுமதியோடு, அம்மா இறந்து தனியாக இருந்த அப்பாவுக்குத் துணையாக எங்கள் ஊருக்கே திரும்பி வந்தார். நான் பெரம்பலூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் அரியலூர் வந்து, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து ஊருக்குப் போவேன். அதுவரை புகைப்படத்தில் மட்டும் பார்த்திருந்த அத்தையை நான் அறிந்துகொண்டது அந்தச் சனிக்கிழமைகளில்தான். நிற்கும்போது ஒரு காலில் பாரத்தைப் போட்டு, வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பார். கன்னியர் உடுப்புக்கு அந்த நிற்பு கொஞ்சமும் ஒட்டாது.

சாந்தா ஃபே ஒரு மாகாணத்தின் தலைநகரம்தான். ஆனாலும் அந்த நாட்டின் பெரிய நகரத்துக்காரர்கள் அதை எங்கோ கோடியில் கிடக்கும் ஊராகத்தான் நினைப்பார்களாம். திருச்சிக்காரங்க நம்மள நெனைக்கிற மாதிரி, என்பார் அத்தை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கடைகளை அடைத்துவிட்டு ஊரே தூங்கும். ஆறு செம்மண் நிறத்தில் ஓடும். வெள்ளம் வந்தால் ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வரும், அதில் பாம்பும் சேர்ந்து வரும். இதையெல்லாம் அவர் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த ஊர் எப்படி உண்டானது என்று சொல்லத் தொடங்கினால்தான் வீட்டுக்குள் ஏதோ ஒரு குளிர் வந்துவிடும்.

இப்போது இருக்கிற இடத்தில் அந்த ஊர் முதலில் இருக்கவில்லை. ஸ்பானிய மன்னரின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம், வடக்கே இருந்த வேறொரு குடியிருப்பிலிருந்து, ஆற்றில் படகிலும் கரையில் மாடு குதிரைகளோடும் வந்தது. கரையில் ஒரு மரத்தூணை நட்டு, இது மன்னரின் நகரம் என்று அறிவித்தார்கள். கயிறு பிடித்துச் சதுரம் சதுரமாகத் தெரு வகுத்தார்கள். நடுவில் ஒரு திடல், அதைச் சுற்றிக் கோயிலும் நகரசபைக் கட்டடமும், பிறகு ஆளுக்கொரு மனை. அந்தக் கரையில் மீன் பிடித்து வாழ்ந்துகொண்டிருந்த ஜனங்களையும் மனையைப் போலவே ஆளுக்கு இத்தனை பேர் என்று வேலைக்குப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் மிதித்த மண்ணில்தான் சுவர்கள் எழுந்தன. "வந்தவங்கள்ல முக்காவாசிப் பேரு ஸ்பெயினையே பாத்ததில்ல புள்ள" என்று அத்தை சொல்வார். "அப்பன் அந்த நாட்டுக்காரன், ஆத்தா இந்த மண்ணு. அந்த ஆத்தாங்க பேரு எங்கயுமே இல்ல."

அந்த ஊர் நிலைக்கவில்லை. ஆறு கரையைத் தின்றது, வெள்ளம் பாதைகளை அடைத்தது, நிலத்தை இழந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்து தாக்கினார்கள். தெற்கே வேறிடத்துக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தார்கள். போகும்போது ஒரு காரியம் செய்தார்கள். பழைய ஊரில் யார் வீடு எங்கே இருந்ததோ, புதிய ஊரிலும் அதே இடத்தில் அவருக்கு மனை. அதே சதுரங்கள், அதே திடல், அதே பக்கத்து வீட்டுக்காரர். கதவையும் ஓடுகளையும் மரத்தையும் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். "பாயச் சுருட்டி எடுத்துட்டுப் போயி வேற எடத்துல விரிச்ச மாதிரி" என்பார் அத்தை. விட்டுப்போன மண்சுவர்கள் கரைந்தன, புல் மூடியது. பல தலைமுறை கழித்துத் தோண்டிப் பார்த்தபோதுதான் பழைய ஊரின் தெருக்கள் வெளியே வந்தன.

அத்தை அங்கே ஒருமுறை போயிருக்கிறார். இல்லத்தில் இருந்த ஒரு கிழவி, இன்றைய ஊரின் திடலுக்குப் பக்கத்துத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், சாவதற்கு முன் அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டதால் வேனில் அழைத்துப் போனார்கள். கிழவிக்குக் கண் பாதிதான் தெரியும். வேனை விட்டு இறங்கியதும் யாரையும் கேட்காமல் புல்லுக்குள் நடந்தாராம். நேராகப் போய், திரும்பி, இன்னொரு முறை திரும்பி, முழங்கால் உயரச் சுவர் ஒன்றின் முன் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், "என் வீடு" என்றார். எண்ணிப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை, தெருக்கள் ஒன்றுபோலவே இருப்பதால் கால் பழக்கம்தான் என்று அத்தை தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொண்டே நடந்தவர், தான் நின்ற இடத்தைப் பார்த்தால், ஊரில் தன் மடம் எந்த மூலையில் இருக்கிறதோ அதே மூலை. வாசல் இருக்கவேண்டிய இடத்தில் கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் தேடியிருக்கிறார்.

பிறகு கோயில். தரை தோண்டப்பட்டு, மேலே கூரை போட்டு, பார்ப்பவர்கள் நடக்க ஓரத்தில் வழி விட்டிருந்தார்கள். தரையில் வரிசையாக எலும்புக்கூடுகள், கையை மார்பில் மடித்தபடி. "வூட்ட எடுத்துட்டுப் போனாங்க, கதவ எடுத்துட்டுப் போனாங்க. இவங்கள விட்டுட்டுப் போயிட்டாங்க" என்று சொல்லும்போது அத்தையின் குரல் இறங்கிவிடும். இவர்களெல்லாம் குடியேறிய குடும்பத்தினர், அப்படியானால் அந்த மண்ணின் ஜனங்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று சுற்றிக் காட்டியவரிடம் கேட்டிருக்கிறார். அவர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். ஊரின் ஒரு பகுதியையே ஆறு அரித்துக்கொண்டு போயிருந்தது. அப்போது கிழவி, தண்ணீரைப் பார்க்காமலே, மெதுவாகச் சொன்னாராம்: "அவங்களும் வந்துட்டாங்க. தண்ணியோட வந்துட்டாங்க. ஆறு நம்ம ஊருக்குத்தானே போவுது."

அதற்குப் பிறகு அங்கே இருந்த காலமெல்லாம் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும்போது அந்த வார்த்தை காதில் கேட்கும் என்று அத்தை என்னிடம் சொன்னார். கேட்டது முதல் எனக்கும் தண்ணீர் பிடிக்கும்போது அது நினைவுக்கு வரும்.

அத்தை வந்த அடுத்த ஆண்டே எங்கள் ஊருக்கும் இடம்பெயர்கிற அந்த நிலை வந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். சிமெண்டுக் கம்பெனியின் சுரங்கம் வயல் வயலாக நெருங்கிவந்து, பிற்பகலில் வெடி வைக்கும்போது சுவர் மாடத்தில் வைத்த புனிதர் சுரூபங்கள் ஆடத் தொடங்கியிருந்தன. புளிய மரங்களில் இலையெல்லாம் வெள்ளைத் தூசி. கடைசியில் ஊரையே எடுத்துக்கொண்டு, தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் வேறு இடத்தில் எல்லாருக்கும் மனை தருவதாகப் பேச்சு முடிந்தது. கோயில் முற்றத்தில் கூட்டம் போட்டார்கள். நிலம் எடுக்கும் ஆபீசர் வரைபடத்தை விரித்து, யாருக்கு எந்த மனை என்று குலுக்கல் போடலாம் என்றார். பெண்கள் வரிசையிலிருந்து அத்தை எழுந்தார்.

"குலுக்கல் வேணாங்க. இப்ப யாரு யாரு எங்க இருக்காங்களோ அப்படியே இருக்கட்டும். தெரு, சந்து, கோயில், எல்லாம் இதே மாதிரி. இதே மாதிரி ஒரு ஊர நான் பாத்திருக்கேன். அக்கம்பக்கம் மாறாம இருந்தா மனுசன் எங்க போனாலும் பொழச்சுக்குவான்."

கூட்டத்துக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. ஆபீசரும் மறுக்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கியபோது, பின்னால் கிழக்குத்தெரு ஆட்கள் நின்ற இடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அத்தையோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர், அத்தையின் சிநேகிதி.

"பழையபடியேன்னா எப்படிங்க சிஸ்டரம்மா? நாங்க பழையபடி ஓடைக்கு அந்தாண்டையா?"

கூட்டம் சட்டென்று அடங்கியது. கிழக்குத்தெருவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர்கள் முன்பு எங்கள் குடும்பங்களின் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் ஆசிரியர், ஓட்டுநர், கொத்தனார், செவிலியர் என்று எத்தனையோ வேலையில் இருக்கிறார்கள். ஒரே கோயில், ஒரே பூசை, ஒரே பங்குச் சாமியார். ஆனால் தெரு ஓடைக்கு அந்தப் பக்கம், புதைக்கிற இடமும் தனி. எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவரும் சிலுவைகளும் உண்டு. அவர்களுடையது ஓடையோரம் கிடக்கும் வெறும் மேடு.

அத்தை குரல் வந்த பக்கம் திரும்பினார். இடுப்பிலிருந்த கை இறங்கிவிட்டது. தான் இவ்வளவு காலம் வியந்து சொல்லிவந்த அந்த இடமாற்றத்தில் இப்படி ஒரு கேள்வி இருப்பதை அப்போதுதான் கண்டதுபோல் முகம் வெளுத்திருந்தது. பிறகு, "அங்க ஓடையே இல்லியே" என்றார். "உங்க தெரு கோயிலுக்குப் பின்னால ஒட்டியே வரும். நான் பாத்துக்குறேன்."

"வூடு எங்க வேணா இருக்கட்டும்" என்றார் சிநேகிதி. "எம் பொண்ணு மேட்டுல கெடக்கு. அதுக்குச் சொல்லுங்க."

அவருடைய முதல் குழந்தை பிறந்த சில நாளில் இறந்து அங்கே புதைக்கப்பட்டிருந்தது. ஆபீசர் வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, அது தரிசு என்றுதான் இருக்கிறது என்றார். கெட்ட மனிதர் இல்லை. "அடையாளம் காட்டுங்கம்மா, எடுத்துத் தரோம். அடையாளமே இல்லாத எடத்துல நாங்க எங்கன்னு தோண்டறது?"

அன்று வீட்டில் அப்பாவுக்கும் அத்தைக்கும் நடந்த பேச்சு எனக்கு மறக்காது. புதிய கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், எல்லாருக்கும் அதுவே என்று அத்தை சொல்ல, அப்பா சோற்றில் கை வைத்தபடி தலையை ஆட்டினார். "ஊர் ஒத்துக்காதுக்கா. வூடு பக்கத்துல வர்றதையே பேசுறானுங்க. செத்தவங்கள ஒண்ணா வச்சா கோயிலுக்கே வர மாட்டானுங்க."

"ஊர விடு. நீ ஒத்துக்குறியா?"

அப்பா எழுந்து கை கழுவப் போய்விட்டார். அவர் முரட்டு மனிதர் இல்லை. யாரையும் கடிந்து பேசாதவர். அதனால்தான் அப்படி எழுந்து போனது எனக்கு வலித்தது. அத்தை தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த ஊர்லயும் யாரும் தப்பா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாங்க புள்ள. சும்மா எந்திரிச்சுப் போயிருப்பாங்க" என்றார்.

அடையாளம் காட்ட அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். கிழக்குத்தெருக்காரர்கள் எல்லாரும் மேட்டுக்கு வந்து, தங்கள் ஆட்கள் கிடக்கிற இடமென்று நினைக்கும் இடத்தில் நிற்கட்டும். நிற்கிற இடத்தில் குச்சி அடிப்போம். சாமியார் சம்மதித்தார், அவருக்கு உதவியாக ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் குச்சிகளைக் கூடையில் கொண்டுவந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக அங்கே போனோம்.

உச்சி வெயில். சீமைக்கருவையை வெட்டித் தள்ளியிருந்த அந்த மேட்டில் ஒவ்வொருவராக ஏறி வந்து, கொஞ்சம் தேடி, கொஞ்சம் தயங்கி, ஓரிடத்தில் நின்றார்கள். முதலில் இரண்டு மூன்று பேர் அழுதார்கள், பிறகு அதுவும் நின்றுவிட்டது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் பேண்ட் சட்டையில், வயதானவர்கள் வேட்டியில், பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். காலடியில் நிழல்கூட இல்லை. மண்ணுக்குக் கீழே யார் எப்படிக் கிடக்கிறார்களோ அதை மேலே அப்படியே நிறுத்தி வைத்தது போலிருந்தது. எனக்கு ஒரு கணம் நிற்பவர்கள் யார், கிடப்பவர்கள் யார் என்று குழம்பிவிட்டது. அத்தையும் உபதேசியாரும் ஒவ்வொருவராகப் போய்க் காலடியில் குச்சி அடித்துக்கொண்டே வந்தார்கள். சுத்தியல் சத்தம் தவிர வேறு சத்தமில்லை.

அப்பா வந்திருந்தார். ஆனால் மேட்டில் ஏறவில்லை. ஓடைக்கு இந்தப் பக்கம், புளிய மர நிழலில், மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் குச்சி அடித்து முடித்து, அத்தை இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தபோது அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"அக்கா, அந்தக் கோடியில ஒரு அம்மா நிக்கிறாங்களே, அவங்கள விட்டுட்டு வர்றீங்க?"

எல்லாரும் திரும்பினோம். அப்பா கை காட்டிய பக்கம் ஓடையை ஒட்டிய சரிவு. அங்கே யாருமில்லை. சூட்டில் காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது.

"எந்த அம்மா?" என்றார் அத்தை.

"அதான், வெள்ளச் சீல கட்டிக்கிட்டு, உன்னாட்டமே இடுப்புல கைய வச்சுக்கிட்டு..." என்று சொல்லிவந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பார்வை அத்தைக்கும் சரிவுக்கும் இடையில் இரண்டு தடவை போய் வந்தது. மூன்றாவது தடவை போனபோது அங்கே எதுவும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

கானல் என்று யாரோ சொன்னார்கள். இருக்கலாம். நான் எதையும் பார்க்கவில்லை என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் அப்பா வண்டியை விட்டு இறங்கியதைப் பார்த்தேன். செருப்போடு ஓடையில் இறங்கி ஏறி, உபதேசியாரின் கூடையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, நேராகச் சரிவுக்குப் போனார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு கல்லை எடுத்துத் தானே அடித்தார். குச்சி கோணலாகத்தான் இறங்கியது.

தோண்டிய நாளில் நான் லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன். பிற்பகல் வெடிக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று காலையிலேயே தொடங்கினார்கள். எங்கள் பகுதியில் கொஞ்சம் தோண்டினாலே கல்லாகிப்போன சிப்பியும் சங்கும் வரும். மனிதர்களே இல்லாத காலத்தில் இங்கே கடல் இருந்தது என்பார்கள். எலும்பும் சிப்பியும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. சில இடங்களில் எது எலும்பு, எது சிப்பி என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சில இடங்களில் எதுவுமே இல்லை. அங்கே மண்ணை அள்ளிப் பெட்டியில் வைத்தார்கள். அத்தையின் சிநேகிதி நின்ற இடத்தில் நிறம் மாறிய மண் மட்டுமே இருந்தது. அவர் பெட்டி வேண்டாமென்று சொல்லி, ஒரு கைப்பிடி மண்ணை முந்தானையில் முடிந்துகொண்டார். "இம்மாந்தான் இருந்துச்சு அப்பவும்" என்றார்.

கடைசியாக அப்பா அடித்த குச்சி. அங்கே ஆழமாகப் போகவேண்டியிருந்தது; மற்றவர்களைவிடப் பழைய குழி. ஒன்றுமில்லை என்று தோண்டியவர்கள் நிறுத்தப் பார்த்தபோது அப்பா, "இன்னும் கொஞ்சம்" என்றார். முழு உடலும் இருந்தது. என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னார்கள். நாள் முழுக்க எலும்புகளைப் படமெடுத்துப் பார்க்கிறவள் நான், ஆனால் அவை சதைக்குள் இருப்பவை, மூச்சுவிடுகிறவர்களுடையவை. குழிக்குள் மண் ஈரமாக, எதிர்பாராத குளிர்ச்சியோடு இருந்தது. இடுப்பெலும்பைப் பார்த்ததும் பெண் என்று தெரிந்தது. பற்கள் தேயவில்லை, அதிக வயதில்லை. இறந்தவர்களை நாங்கள் கைகளை மார்பில் மடித்துத்தான் வைப்போம். இவருடைய இடது கை அப்படித்தான் இருந்தது. வலது கை இடுப்பெலும்பின்மேல் கிடந்தது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். குழியின் விளிம்பில் அத்தை நின்றிருந்தார், அவருக்கே உரிய அந்த நிற்பில். பக்கத்தில் அப்பா. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கையைத்தான். அத்தை மெதுவாகத் தன் கையை இடுப்பிலிருந்து எடுத்தார்.

யார் அது, எங்களுக்கு என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதற்கு ஆள் உயிரோடு இல்லை. ஓடைக்கு இந்தப் பக்கத்து ஆண்களுக்கும் அந்தப் பக்கத்துப் பெண்களுக்கும் ஒரு காலத்தில் என்னென்ன நடந்திருக்கும் என்பது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். கிழக்குத்தெருவிலும் யாரும் அவரைத் தங்களவர் என்று சொல்லி முன்வரவில்லை. அப்பாதான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தப் பெட்டிய நான் தூக்கிக்கிறேன்" என்றார்.

கம்பெனி வேன் நின்றிருந்தது. அவர் ஏறவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தார்ச்சாலையைத் தாண்டிப் புதிய கல்லறைத் தோட்டம் வரை நடந்தார். அவருக்குப் பின்னால் அத்தை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சிநேகிதியின் தோளில் சாய்ந்தபடி. பிறகு மற்றவர்கள். எங்கள் தெரு ஆட்கள் சாலையோரத்தில் நின்று பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. ஊருக்கு மனம் மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். அப்பா பார்த்ததைப் பற்றியும் குழியில் கிடந்த கையைப் பற்றியும் அதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு பரவியிருந்தது. பயந்தார்கள். அந்தப் பயத்தில் தோட்டத்தை இரண்டாகப் பிரித்து நடுச்சுவர் எழுப்புகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை, இன்றுவரை எடுக்கவில்லை. எங்கள் சுற்றுச்சுவருக்குள் கிடந்தவர்களும் மேட்டில் கிடந்தவர்களும் ஒரே தோட்டத்தில் இருக்கிறார்கள். பெயரில்லாத அந்தப் பெண்ணை எங்கள் குடும்ப வரிசையில் வைக்கச் சொன்னார் அப்பா. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது, சிலுவையில் என்ன எழுதுவது என்று கொத்தனார் கேட்டார். அப்பா அத்தையைப் பார்த்தார். "ஒண்ணும் எழுத வேணாம், எடம் மட்டும் விட்டு வையி" என்றார் அத்தை.

புதிய ஊரில் அத்தை இரண்டு மழைக்காலம் இருந்தார். தெருக்கள் பழையபடியே இருந்தன. கிழக்குத்தெரு மட்டும் கோயிலை ஒட்டி வந்தது. முதல் சில வாரங்கள் சிலர், அங்கே இல்லாத ஓடையைத் தாண்டுவதுபோல், சேலையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாந்தா ஃபேயைப் பற்றி அத்தை பேசுவது குறைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை நானே கேட்டேன்: "அங்க அந்தக் கிழவி சொன்னாங்களே அத்தை, தண்ணியோட வந்துட்டாங்கன்னு. அது இப்பவும் கேக்குதா?" குழாயடியில் டம்ளரோடு நின்றிருந்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இங்க கேக்கல புள்ள" என்றார். குடித்தார். பிறகு ஒரு நாள் காலையில், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர் நாற்காலியிலேயே போய்விட்டார். அவர் கேட்டுக்கொண்டபடியே அந்தப் பெயரில்லாத பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்தோம். நெஞ்சில் மடித்த கைகளை வெள்ளை நாடாவால் கட்டும்போது, சிநேகிதி வந்து வலது கையின் கட்டை மட்டும் தளர்த்திவிட்டார். 

இப்போது பழைய ஊர் இருந்த இடத்தில் பெரும் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. பிற்பகல் வெடிச் சத்தம் புதிய ஊர் வரை கேட்கும், ஆனால் சுரூபங்கள் ஆடுவதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் ஊர். எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பஸ்ஸை விட்டிறங்கி எங்கள் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் இளம்பெண் தண்ணீர்க் குடத்தோடு போனாள். எறையூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பழைய ஊரை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது. நேராகப் போய்க்கொண்டிருந்தவள், தெரு அகலமாக இருந்தும், ஓரிடத்தில் வலப்பக்கம் ஒதுங்கி, அரைவட்டமாக வளைந்து, மறுபடி தெருவின் நடுவுக்கு வந்தாள். எனக்குக் கால் நின்றுவிட்டது. எங்கள் பழைய தெருவில் சரியாக அந்த இடத்தில் ஒரு கிணறு இருந்தது. சாந்தா ஃபே மாதிரியே ஊரைப் பெயர்த்து வைத்த நாங்கள், குழாய் வந்துவிட்டதே என்று கிணற்றை மட்டும் விட்டுவிட்டோம். அந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரைதான்.

"ஏம்மா, ஏன் சுத்திப் போறே?" என்று கேட்டேன்.

அவள் திரும்பித் தரையைப் பார்த்தாள். தான் வளைந்து வந்ததையே அப்போதுதான் கவனித்தவள்போல் வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

"தெரியலக்கா. அங்க கால் வைக்க ஒரு மாதிரியா இருக்கு. கீழேருந்து குளுகுளுன்னு காத்து வருதுல்ல?"

சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். தெருவில் வேறு யாருமில்லை. வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நான் பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, அந்தச் சிமெண்டுத் தரைக்குச் சற்று மேலே உள்ளங்கையை நீட்டினேன்.